குழாயில் கிடந்து ஆறும் வெந்நீர்

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர், கீழ்த்தளத்தில் குளியலறை. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வருவது பச்சைத் தண்ணீர்தான். கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு வழியாக வெதுவெதுப்பு வரும், அதற்குப் பிறகுதான் சூடு. பல வருடம் அந்தத் தண்ணீரை அப்படியே தரையில் ஓடவிட்டிருக்கிறோம். ஒருநாள் என்னவோ தோன்றி வாளியில் பிடித்து அளந்து பார்த்தேன். ஏழு லிட்டர்.

அந்த ஏழு லிட்டரும் பச்சைத் தண்ணீராகப் பிறந்ததில்லை. முந்தின நாள் இரவு கடைசியாகக் குளித்தவர் குழாயை மூடியபோது, மாடியிலிருந்து கீழே வரை பைப் முழுக்க நின்றது நல்ல கொதி வெந்நீர். அது இரவெல்லாம் குழாயிலேயே கிடந்து ஆறிப்போய், காலையில் நம் வாளிக்கு வருகிறது. வெந்நீர் அமைப்புக்கு இன்சுலேஷன் போடுவது, அதாவது சூடு வெளியே போகாமல் போர்த்தி வைப்பது என்ற விஷயம் முழுக்க இந்த ஒரு வாளிக்குள் இருக்கிறது. எங்கே சுற்ற வேண்டும், எங்கே சுற்றி ஒரு பயனும் இல்லை, எங்கே சுற்றவே கூடாது என்பதெல்லாம் தண்ணீர் எங்கே, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

முதலில் சூட்டின் விலையைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் இருப்பது 860 கிலோகலோரி. 25 லிட்டர் கீசரில் 25 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 25 × 35 = 875, அதாவது ஏறக்குறைய சரியாக ஒரு யூனிட். 2,000 வாட் கீசராக இருந்தால் அரை மணி நேரம். இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுக்கொண்டால் போதும், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

யாரும் 60 டிகிரியில் குளிப்பதில்லை, சில விநாடிகளிலேயே தோல் வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, 40 டிகிரி வாக்கில் கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்றிக்கொள்கிறோம். 20 லிட்டர் வாளி ஒன்றை அப்படி விளாவ 60 டிகிரி வெந்நீர் எட்டரை லிட்டர் இருந்தால் போதும், மீதி பதினொன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீர். இப்போது என்னுடைய ஏழு லிட்டரைத் திரும்பப் பாருங்கள். முக்கால் ஆளுக்கான குளியல் தினமும் குழாயில் ஆறிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவையோடு முடிவதில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் பாத்திரம் கழுவ ஒன்று, சாயங்காலம் வெளியே போய் வந்து கால் கழுவ ஒன்று என்று ஒவ்வொரு தடவையும் பைப் நிறைந்து, ஆறி, மறுபடி நிறைகிறது. ஒரு தடவைக்குக் கால் யூனிட் சூடு. சோலார் என்றால் சூடு இலவசம்தானே என்று கேட்கலாம். வெயில் இல்லாத நாளில் டேங்க்குக்குள் இருக்கும் மின்சார காயில் போடுகிறோமே, அன்றைக்கு இலவசம் இல்லை. தண்ணீரும் இலவசம் இல்லை, லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

சரி, சூடு எப்படித்தான் வெளியே போகிறது? சூடான பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் எதுவும் சூட்டை வாங்கிக்கொள்ளும். தொட்டுக்கொண்டிருக்கும் காற்று சூடாகி மேலே போய்விடும், அந்த இடத்துக்குப் புதுக்காற்று வரும், அதுவும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். இது போக, அடுப்பு முன்னால் நின்றால் முகத்தில் அடிக்குமே அப்படி ஒரு கதிர்வீச்சு. இந்த மூன்றில் நம் பைப்புக்குப் பெரிய எதிரி நகர்கிற காற்று. மாடியில் வாடைக்காற்று அடித்தால் ஆறுகிற வேகம் எங்கேயோ போய்விடும். சூடான காபியை ஊதி ஊதிக் குடிக்கிறோமே, அதையேதான் காற்று நம் பைப்புக்குச் செய்கிறது.

காற்று நகர்ந்தால்தான் எதிரி, அசையாமல் நின்றால் அதுவே நல்ல போர்வை. கம்பளியும் வைக்கோலும் தெர்மாகோலும் பஞ்சும் வேலை செய்வது அவற்றின் சொந்தச் சாமர்த்தியத்தால் இல்லை, உள்ளே குட்டிக் குட்டி அறைகளில் காற்றைப் பிடித்து அசையவிடாமல் வைத்திருப்பதால்தான். கடையில் விற்கும் கறுப்பு ஃபோம் குழாயும் அதே வித்தைதான். காற்றைக்கூட எடுத்துவிட்டு வெற்றிடம் வைத்தால் அது ஃபிளாஸ்க். 1892-இல் ஜேம்ஸ் டூவார் செய்தது அது, இன்றைக்கு நம் மாடியில் இருக்கும் கண்ணாடிக் குழல் வகை சோலார் ஹீட்டரில் ஒவ்வொரு குழலும் கிட்டத்தட்ட ஒரு நீளமான ஃபிளாஸ்க்தான்.

போர்வை சூட்டை உண்டாக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அது சூட்டை நிறுத்துவதும் இல்லை, தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அது இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதற்கு நம்மூரிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சென்னை மெரினா எதிரே, பிறகு விவேகானந்தர் இல்லம் ஆன ஐஸ் ஹவுஸ் கட்டடம் 1842-இல் எழுந்தது, அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்க. ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி மாசசூசெட்ஸ் குளங்களில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கடலில் கொண்டுவந்து இங்கே விற்றார். வழியில் நிறைய உருகத்தான் செய்தது, ஆனால் விற்றுக் காசு பார்க்கிற அளவுக்கு மிச்சம் இருந்தது. மரத்தூள் உருகலை நிறுத்தவில்லை, சென்னைத் துறைமுகம் வரும் வரை நேரம் வாங்கிக் கொடுத்தது. நம் வெந்நீருக்கும் வாங்க வேண்டியது நேரம்தான்.

இதை வைத்துக்கொண்டு முதலில் கீசரைப் பார்ப்போம், ஏனென்றால் இன்சுலேஷன் என்றதும் எல்லோரும் கீசர் மேல் எதையாவது சுற்றத்தான் கிளம்புகிறார்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் வெந்நீர்த் தொட்டிக்கு ஜாக்கெட் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் பழைய வீடுகளில் செம்புத் தொட்டி ஒன்று மேலே எந்த உறையும் இல்லாமல் வெறுமனே அலமாரிக்குள் நின்றுகொண்டிருக்கும், அதற்கு ஜாக்கெட் போட்டால் மாதச் செலவே குறையும். நம் குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் அப்படி இல்லை. வெளியே தெரிவது தகரமோ பிளாஸ்டிக்கோ ஆன சட்டை, உள்ளே ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே நுரைபோல ஊற்றி இறுகவைத்த பஃப் என்கிற ஃபோம் ஏற்கெனவே இருக்கிறது. கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிள் சொல்வதும் இந்த ஃபோமின் யோக்கியதையைத்தான்: தண்ணீருக்கும் வெளிக்கும் 45 டிகிரி வித்தியாசம் இருக்கும்படி 24 மணி நேரம் வைத்திருந்தால் சும்மா நின்றே எத்தனை யூனிட் வீணாகும் என்ற கணக்கு. தண்ணீரைச் சூடாக்குவதில் எல்லாக் கீசரும் ஒன்றுதான், ஒரு நட்சத்திரமும் ஐந்து நட்சத்திரமும் வேறுபடுவது சூட்டைப் பிடித்து வைப்பதில். அதனால் தினம் பத்து நிமிடம் மட்டும் கீசர் போடுகிற தனி ஆளுக்கு ஐந்து நட்சத்திரத்தால் கிடைப்பது கொஞ்சம்தான், காலை முதல் இரவு வரை சுவிட்சை அணைக்காத கூட்டுக் குடும்பத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

உங்கள் கீசரின் போர்வை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை. இரவு ஒன்பது மணிக்குக் கீசரைப் போட்டு, விளக்கு தானாக அணையும் வரை விடுங்கள். ஒரு சொம்பு வெந்நீர் பிடித்து எத்தனை டிகிரி என்று பாருங்கள், சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள். காலை ஆறு மணிக்குச் சுவிட்ச் போடாமலே குழாயைத் திறந்து, பைப்பில் நின்ற தண்ணீர் போன பிறகு வருவதை மறுபடி அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் வேண்டாம், அது 42-க்கு மேல் காட்டாது, சமையலுக்கு விற்பது போதும். ஐந்தாறு டிகிரி இறங்கியிருந்தால் கீசர் நன்றாகவே இருக்கிறது, வெளியே எதைச் சுற்றினாலும் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. பத்து பன்னிரண்டுக்கு மேல் இறங்கியிருந்தால் உள்ளே ஃபோம் நனைந்தோ உதிர்ந்தோ போயிருக்கலாம், மாற்றுகிற காலம் வரும்போது நட்சத்திரம் பார்த்து மாற்றுங்கள்.

இந்தச் சோதனையில் இன்னொரு விஷயமும் தெரியவரும். இரவு அணைத்த கீசரில் காலையில் பெரும்பாலும் குளிக்கிற சூட்டில் தண்ணீர் இருக்கும், நம்மில் பலர் அது தெரியாமலே எழுந்ததும் முதல் வேலையாகச் சுவிட்சைத் தட்டுகிறோம்.

இங்கே ஒரு பழைய வாதம் வரும்: "அணைச்சு அணைச்சுப் போட்டா மறுபடி முதல்ல இருந்து சூடாக்கணும், அதுக்கு எப்பவும் ஆன்ல இருந்தா கரண்ட் கம்மி." எங்கள் வீட்டிலேயே பெரிய மாமா இதைச் சத்தியம் செய்வார். ஆனால் சூடு வெளியே போகிற வேகம், உள்ளேயும் வெளியேயும் இருக்கும் வித்தியாசத்தைப் பொறுத்தது. 60-இல் இருக்கும் தண்ணீர் வேகமாக இழக்கும், 45-க்கு இறங்கியது மெதுவாக இழக்கும். எப்போதும் 60-லேயே பிடித்து வைத்தால் எப்போதும் அதிகபட்ச வேகத்தில் இழந்துகொண்டே இருக்கிறோம் என்று அர்த்தம். ஆறவிட்டால் இழப்பும் சேர்ந்து குறைகிறது. மறுபடி சூடாக்கும்போது போடுவது இழந்ததை மட்டும்தான், அதற்கு மேல் அபராதம் எதுவும் கிடையாது. மாமாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன், "நீ சொல்றது புத்தகத்துல சரிப்பா" என்றார்.

அப்போ தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற தெர்மோஸ்டாட்டை 45-இல் வைத்துவிட்டால் இன்னும் மிச்சம்தானே என்றால், கணக்குப்படி ஆமாம், ஆனால் ரொம்ப இறக்க வேண்டாம். 20-லிருந்து 45 டிகிரி வரை நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அது நுரையீரல் காய்ச்சல் தரக்கூடியது. தினமும் காலியாகிற சின்னக் கீசரில் பயம் குறைவு, பெரிய டேங்க் வைத்திருப்பவர்களும் ஊருக்குப் போய்விட்டு வருபவர்களும் ஒருமுறை 60 வரை ஏற்றிவிட்டுப் பயன்படுத்துவது நல்லது. அதே சமயம் 60-க்கு மேல் கொண்டுபோவதும் வேண்டாம், போர்வெல் உப்புத் தண்ணீர் ஊரில் சூடு ஏற ஏற காயில் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதும் ஏறும்.

சுற்றவே கூடாத இடங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கீசரின் அடியில் ஒயர் போகிற மூடி, தெர்மோஸ்டாட் இருக்கிற இடம், அழுத்தம் அதிகமானால் தண்ணீரைச் சொட்டவிடுகிற சேஃப்டி வால்வு, இவற்றின் மேல் எதுவும் போர்த்தக் கூடாது. சேஃப்டி வால்வு சொட்டுகிறதே என்று அதன் வாயை டேப் போட்டு அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது குக்கர் வெயிட்டைக் கம்பி போட்டுக் கட்டுவது மாதிரி. கேஸ் கீசராக இருந்தால் அதன் உடம்பில் கையே வைக்காதீர்கள். அது எரிவதற்குக் காற்று வேண்டும், எரிந்த புகை வெளியே போக வழி வேண்டும், அடைத்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு மூடிய குளியலறைக்குள் நிறைந்து ஆளைக் கொன்றுவிடும். நான் மிகைப்படுத்தவில்லை.

இனி பைப். நம் ஊர் வீடுகளில், குறிப்பாக மாடியில் சோலார் இருக்கிற வீடுகளில், சூடு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

எங்கள் வீட்டில் சோலார் போட்ட பிளம்பர், மேலேயிருந்து இறங்குகிற தண்ணீருக்கு அழுத்தம் குறைவாக இருக்கும், "ஒரு இஞ்ச் போட்டாத்தான் சார் ஃபோர்ஸா வரும்" என்று ஒரு அங்குல சிபிவிசி பைப், அதாவது வெந்நீர் தாங்குகிற பிளாஸ்டிக் பைப், போட்டுவிட்டார். மொத்தம் 14 மீட்டர். அந்தப் பைப்பில் ஒரு மீட்டருக்கு 0.43 லிட்டர் தண்ணீர் நிற்கும், 14 மீட்டருக்கு ஆறு லிட்டர். நான் பிடித்தது ஏழு. மீதி ஒரு லிட்டர் ஏன் என்று கொஞ்சம் யோசித்தேன்: டேங்க்கிலிருந்து கிளம்புகிற வெந்நீர் வழியில் ஆறிப்போன பிளாஸ்டிக்கையும் சுவரையும் சூடாக்கிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது, முதலில் வருவது அதற்கே செலவாகிவிடுகிறது. இதே தூரத்துக்கு முக்கால் அங்குலப் பைப் போட்டிருந்தால் மூன்றரை லிட்டர்தான் நின்றிருக்கும், விட்டம் கொஞ்சம் குறைந்தாலும் கொள்ளளவு நிறையக் குறைந்துவிடும். புதிதாகப் பைப் போடுகிறவர்கள் இன்சுலேஷனுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. அழுத்தத்துக்கு எது போதும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், பெரிதாக இருந்தால் நல்லது என்று போட்டுவிட வேண்டாம்.

அந்த ஒரு அங்குலப் பைப் வெறுமனே இருக்கும்போது, உள்ளே 60 டிகிரி, வெளியே 25 டிகிரி, காற்றும் அதிகம் இல்லை என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்கு 28 வாட் வாக்கில் சூடு போகும். 13 மி.மீ. தடிமன் ஃபோம் சுற்றினால் 9, 10 வாட், மூன்றில் ஒரு பங்கு. இதையே நேரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் புரியும்: வெறும் பைப்பில் நிற்கும் தண்ணீர் 60-லிருந்து 40-க்கு இறங்க அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், சுற்றிய பைப்பில் ஒன்றே முக்கால் மணி நேரம் வாக்கில் ஆகும்.

இங்கேதான் கடைக்காரர்கள் சொல்லாத விஷயம் வருகிறது. இரவு ஒன்பதுக்கு நின்ற தண்ணீர் காலை ஐந்தரைக்குச் சுற்றிய பைப்பிலும் ஆறித்தான் போயிருக்கும். எட்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒன்றே முக்கால் மணி நேரப் போர்வை எம்மாத்திரம். ஆகவே காலையில் முதலில் எழுந்து குளிக்கிற ஆளுக்கு, பைப்பில் சுற்றுவதால் ஒரு பெரிய மாற்றமும் தெரியாது. இதை எதிர்பார்த்துச் செலவு செய்துவிட்டு "ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறவர்கள் உண்டு, நானும் முதல் நாள் அப்படித்தான் முகம் சுளித்தேன். பலன் கிடைப்பது இரண்டாவது ஆளுக்கும் மூன்றாவது ஆளுக்கும். ஐந்தரைக்கு அப்பா, ஆறே காலுக்கு நான், ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று இடைவெளி விட்டுக் குளிக்கிற வீட்டில், முன்பு மூன்று பேரும் தலைக்கு ஏழு லிட்டர் கொட்டினோம், இப்போது ஒருவர்தான் கொட்டுகிறார். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்து இடைவெளியே இல்லாமல் குளிப்பீர்கள் என்றால் அப்போதும் பயன் குறைவு, பைப்பில் தண்ணீர் நிற்கவே நேரம் கிடைப்பதில்லையே. செலவே இல்லாத இன்சுலேஷன் என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம், ஆனால் எங்கள் வீட்டில் அப்படி வரிசையில் நிற்க யாரும் தயாராக இல்லை.

காலை நேரத்து முதல் ஏழு லிட்டருக்கு என் வழி இன்னும் எளிது: ஒரு வாளியை நிரந்தரமாக அங்கேயே வைத்திருக்கிறேன், அந்தத் தண்ணீர்தான் விளாவுவதற்கான பச்சைத் தண்ணீர். அது எப்படியும் வேண்டியிருக்கிறதே.

பைப்பில் எல்லா இடமும் ஒன்றில்லை. டேங்க்கை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டருக்குத்தான் முதல் மரியாதை. தண்ணீர் ஓடாத நேரத்திலும் டேங்க்கின் சூடு அந்த நிப்பிள், வால்வு, இரும்பு இணைப்பு வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும், கை வைத்துப் பார்த்தாலே சுடும். செம்பும் இரும்பும் சூட்டைக் கடத்துவதில் பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு தாராளம். டேங்க் முழுக்க இரண்டு அங்குல ஃபோம் இருந்து, அதிலிருந்து ஒரு பித்தளை வால்வு மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால் கம்பளி போர்த்திக்கொண்டு காலை வெளியே நீட்டிப் படுத்த கதை. பச்சைத் தண்ணீர் உள்ளே போகிற பைப்பிலும் டேங்க்கை ஒட்டி ஒரு அரை மீட்டர் சுற்றிவிடுங்கள், அந்தப் பக்கமும் சூடு பின்னால் ஏறும். தட்டை வகை சோலாராக இருந்தால் பேனலுக்கும் டேங்க்குக்கும் நடுவே ஓடுகிற பைப் பகல் முழுக்கச் சூடாகவே இருக்கும், நிறுவனமே அதற்கு ஃபோம் போட்டிருப்பார்கள், முதலில் உரிவதும் அதுதான், வருடத்துக்கு ஒருமுறை மாடி ஏறும்போது ஒரு பார்வை பாருங்கள். டேங்க் மேல் நிமிர்ந்து நிற்கும் காற்றுக் குழாயின் வாயை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள்.

அடுத்தது திறந்த மாடியில் ஓடுகிற பகுதி, வெளிச் சுவரில் இறங்குகிற பகுதி, கடைசியாகத்தான் வீட்டுக்குள் இருப்பது. சுவருக்குள் புதைத்துவிட்ட பைப்பை ஒன்றும் செய்ய முடியாது. அது சோகம்தான், ஏனென்றால் பூச்சும் செங்கல்லும் காற்றைவிட நன்றாகவே சூட்டை உறிஞ்சும். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சுவரை வெட்டிப் பைப் பதிக்கிற அன்றைக்கு மேஸ்திரியிடம் சொல்லி வெந்நீர் லைனுக்கு மட்டும் மெல்லிசு ஃபோம் குழாயாவது மாட்டச் சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப வெட்டு சற்று அகலமாக இருக்க வேண்டும், பூசி முடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

எதைச் சுற்றுவது? கடையில் இரண்டு வகை முக்கியமாகக் கிடைக்கும். ஏசி பைப்பில் சுற்றியிருப்பார்களே, கறுப்பாக ரப்பர் மாதிரி, அது நைட்ரைல் ஃபோம். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ லேசாக இருப்பது பாலிஎத்திலீன் ஃபோம், பார்சலில் டிவியைச் சுற்றி வருகிற ரகம். சூட்டைத் தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் சோலாரில் வெயில் காலத்தில் தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டை நைட்ரைல் தாங்கும் அளவுக்கு மலிவான பாலிஎத்திலீன் தாங்காது, சுருங்கிவிடும். தெர்மாகோலும் அந்தச் சூட்டில் பைப்பை ஒட்டிய இடத்தில் நெளிந்துபோகும். கண்ணாடிக் கம்பளி நல்ல சரக்குதான், ஆனால் கை அரிக்கும், நனைந்தால் தீர்ந்தது. பழைய சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். காய்ந்திருக்கும் வரை அதுவும் இன்சுலேஷன்தான், ஒரு மழை பெய்ததும் அதே சாக்கு ஈரத்துணி ஆகிவிடும், பானைத் தண்ணீரைக் குளிர வைக்க நாம் செய்கிற வேலையை நம் வெந்நீர்ப் பைப்புக்குச் செய்ய ஆரம்பித்துவிடும். நின்ற காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், அதனால் எந்தப் போர்வையும் நனையாமல் இருந்தால்தான் போர்வை. இரும்பு ஜிஐ பைப்பில் ஈரம் உள்ளே தங்கினால் வெளியே தெரியாமலே துருவும் பிடிக்கும்.

வாங்கும்போது பைப்பின் வெளி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். "முக்கால் இஞ்ச்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் சிபிவிசிக்கு வேறு, ஜிஐக்கு வேறு. முக்கால் அங்குல சிபிவிசியின் வெளி விட்டம் 22 மி.மீ., அதே முக்கால் ஜிஐயில் 27 மி.மீ. வாக்கில் இருக்கும். தொளதொள என்று மாட்டினால் ஃபோமுக்கும் பைப்புக்கும் நடுவே காற்று ஓடும், அது நாம் எதற்காகச் சுற்றுகிறோமோ அதற்கே எதிர். தடிமன் 13 மி.மீ. ஒரு நியாயமான அளவு, டேங்க்கை ஒட்டி 19 போடலாம். இதற்கு மேல் தடிமனாக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே வரும், முதல் சட்டைதான் குளிரை அதிகம் தடுக்கும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஏற்கெனவே இருக்கிற பைப் என்பதால் ஃபோம் குழாயை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பிளந்து மாட்ட வேண்டும், கீறல் வாயில் ரப்பர் பசை தடவி ஐந்து நிமிடம் காயவிட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். கீறல் பக்கம் கீழே பார்த்திருக்கட்டும், மேலே பார்த்தால் மழைத் தண்ணீர் அதற்குள்தான் முதலில் போகும். எல்போ, அதாவது பைப் திரும்புகிற மூட்டு, வருகிற இடத்தில் இரண்டு துண்டுகளையும் சாய்வாக, படச் சட்டத்தின் மூலை மாதிரி வெட்டி ஒட்ட வேண்டும். இந்த மூலைகளைத்தான் அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சுவரில் பைப்பைப் பிடிக்கும் கிளாம்பைக் கழற்றி, ஃபோம் சுற்றிய பிறகு அதன் மேல் பெரிய கிளாம்பாக மாட்டினால் இன்னும் நல்லது. இதையெல்லாம் அதிகாலையில் பைப் ஆறிக் கிடக்கும்போது செய்யுங்கள், மத்தியானம் மாடியில் கை வைக்க முடியாது.

ஆனால் சுற்றியதோடு வேலை முடிவதில்லை, நம் ஊர் வெயில் இருக்கிறது. கறுப்பு ஃபோமை அப்படியே வெயிலில் விட்டால் இரண்டு மூன்று கோடையில் வெடித்து, தொட்டால் பொடியாக உதிரும். அலுமினிய டேப் சுற்றலாம், வெளியே தகரம் போடலாம். நான் செய்தது வேறு: 63 மி.மீ. பிவிசி பைப்பை நீளவாக்கில் ஒரு பக்கம் அறுத்து, விரித்து ஃபோம் மேல் மாட்டி, வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டேன். ஒரு அங்குலப் பைப்பும் 13 மி.மீ. ஃபோமும் சேர்ந்து 55 மி.மீ. வருகிறது, அது 63-க்குள் சரியாக உட்கார்ந்துகொள்ளும். அறுத்த வாய் இதிலும் கீழ்ப்பக்கம்தான், தப்பித்தவறித் தண்ணீர் உள்ளே போனாலும் வடிந்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மாடியில் யார் பார்க்கப் போகிறார்கள்.

என் பாட்டி வீட்டில் செம்பு பாய்லர் இருந்தது, நடுவில் கரி போடுகிற குழல், சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். குளிக்கிற இடத்திலேயே அது நிற்கும். போர்வையும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனால் வெந்நீர் பயணம் செய்யும் தூரம் பூஜ்ஜியம். கீசரை எங்கே மாட்டுவது என்று யோசிப்பவர்களுக்கு அந்த பாய்லரைத்தான் நான் உதாரணம் சொல்வேன். இரண்டு குளியலறைக்கும் சமையலறைக்கும் ஒரே பெரிய கீசர் மாட்டி, மூன்று பக்கமும் பத்துப் பத்து மீட்டர் பைப் ஓட்டுவதைவிட, சமையலறைத் தொட்டிக்கு மேல் மூன்று லிட்டர் குட்டிக் கீசர் ஒன்று தனியாக வைத்துவிடலாம். இரண்டு டம்ளர் கழுவ ஒரு பைப் நிறைய வெந்நீரை இழுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

மிச்சம் எவ்வளவு என்று ரூபாயில் சொல்லச் சொன்னால் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் நாளைக்கு இரண்டு தடவை பைப் நிறைவது குறைந்திருக்கிறது, அதாவது அரை யூனிட் சூடு, பன்னிரண்டு பதினாலு லிட்டர் தண்ணீர். வெயில் இருக்கும் மாதங்களில் அந்த அரை யூனிட் மின்சாரப் பில்லில் தெரியாது, காயில் போடுகிற மழை மாதங்களில் இரண்டு மாத பில்லுக்கு 30 யூனிட் வாக்கில் வரும். யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற நம்மூர் ஸ்லாப் கணக்கில் மிச்சமாவது எப்போதும் கடைசி யூனிட்டுகள், அதாவது விலை அதிகமான யூனிட்டுகள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடும், ஜனவரி இரவில் வெளியே ஐந்து டிகிரி என்றால் வித்தியாசமும் 35-க்குப் பதில் 55 ஆகிவிடுகிறதே. சென்னையில் மே மாதம் இந்தக் கட்டுரையே வேண்டாம், அங்கே பச்சைத் தண்ணீர்க் குழாயில்தான் வெந்நீர் வரும்.

சுற்றி ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் மாடி ஏறிப் பார்த்தபோது, பிவிசி மூடாத ஒரே இடமான அந்த முதல் எல்போவில் ஃபோமைக் காணோம். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி மூலையில் அணில் கூடு, உள்ளே நார், பஞ்சு, அதோடு கறுப்பாகத் துண்டு துண்டாக நைட்ரைல். குட்டிகள் இருந்தன, கூட்டில் கை வைக்கவில்லை. எல்போவுக்குப் புதிதாக ஃபோம் வெட்டி ஒட்டி, இந்தத் தடவை மேலே பழைய எண்ணெய் டின் தகரத்தைச் சுற்றிக் கம்பி போட்டு முறுக்கியிருக்கிறேன்.